கக்கத்தில் இருந்த சட்டம்

அநியாயம் இழைக்கப்பட்டவள் நான். பெயர் சுலோசனா, பி.ஏ. இழைத்தவர் என் வீட்டுக்காரர் கோவர்த்தனன், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். இழைத்த விதம்: நான் கிணற்றடியில் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் டிரங்குப் பெட்டியை என் கொண்டை ஊசியாலேயே திறந்து, அடிவரைக்கும் துழாவியது.

அவர்தான் என்று எப்படித் தெரியும் என்பீர்கள். திருடனாக இருந்தால் ஒரு புடவையாவது போயிருக்கும். பதினொன்றும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் லாக்கப் கம்பளி மாதிரி நாலாக மடிந்து, மூலைக்கு மூலை சரியாக உட்கார்ந்திருந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற பஸ் நிற்கும் ஊர்களில் ஒன்று. சொன்னால் அவருக்கு வேலை போகும். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். அந்தத் தண்டனை எனக்கு எதற்கு?

"என் பெட்டிய எதுக்குத் தொறந்தீங்க?" என்றேன்.

"யாரு தொறந்தது?"

"புடவையெல்லாம் அட்டென்ஷன்ல நிக்குது."

அவர் மீசையைத் தடவினார். பதில் இல்லாதபோது மீசை. பதில் இருக்கும்போதும் மீசை.

"சரி, நான்தான் தொறந்தேன். இன்னா இப்போ?"

"வாரண்ட் கீதா?"

"பொண்டாட்டி பொட்டிக்கு வாரண்டா?"

"வாரண்ட் இல்லாமலும் சோதிக்கலாம், நூத்தி அறுவத்தஞ்சாவது செக்‌ஷன். ஆனா ஒரு குத்தத்த விசாரிச்சிக்கினு இருக்கணும். அது இன்னா குத்தம்? வாரண்ட் வாங்கப் போய் வரதுக்குள்ள பொருள் கைநழுவிப் பூடும்னு நம்பணும். இன்னா தேடறோம், எதனால நம்பறோம்னு முன்னாடியே எழுதி வைக்கணும். எழுதினீங்களா?"

"நான் இந்த வீட்டு எஜமான்மே!"

"எஜமான் எந்த செக்‌ஷன்?"

இந்தச் சட்டமெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதும் அவர் செய்த பாவம்தான். டிபார்ட்மென்ட் பரீட்சையில் கிரிமினல் புரொசீஜர் கோடு என்று ஒரு பாடம். அதில் அவர் இரண்டு தடவை தவறியவர். மூன்றாம் தடவைக்காகத் தினம் சாயங்காலம் அந்தத் தடிப் புத்தகத்தை நான் உரக்க வாசிப்பேன். அவர் கேட்பார். முதலில் காதால் கேட்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் மூக்காலும் கேட்பார், தெருமுனை வரைக்கும் சத்தம் வரும். சட்டம் அவர் பக்கம் போய்ப் பார்த்தது, இடமில்லை, திரும்பி என்னிடம் வந்துவிட்டது. அவராகப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்ததில்லை. ஆனால் எங்கே போனாலும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். பார்க்கிறவர்கள் படிக்கிறார் என்று நினைக்க வேண்டுமாம்.

இனி, அவர் எதைத் தேடினார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யம் ஆகி நாலு வருஷம். எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்று பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ரிட்டையர் ஆனார்; அந்த இடத்துக்கு வேறு தமிழ் வாத்தியார் வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருஷமாக வாத்தியார் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடின. எனக்கு ஆத்திரம் வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தால் எழுதுவேன். "எங்கள் பிள்ளைகள் எங்கள் பாஷையில் படிக்க வேண்டும்; எங்கள் ஊரை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ் ராஜ்யத்தில் சேர்க்க வேண்டும்" என்று நாலு பெரிய காகிதத்தில் ஓர் அர்ஜி. கையெழுத்துப் போட்டவர்கள் முழுக்கப் பெண்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் கையெழுத்து நான். இரண்டாவது பெருவிரல் ரேகை, என் மாமியார் சந்திரம்மா.

"இன்னாத்துக்குமே இது?" என்று அத்தை கேட்டார். சொன்னேன்.

"நம்ம கைரேகைய டில்லி வரைக்கும் எடுத்துக்கினு போவாங்களா?"

"போவாங்க அத்தை."

"நான் திருத்தணி தாண்டிப் போனதில்ல. ரேகையாவது போவட்டும்" என்று அழுத்தி வைத்தார். மை காகிதத்தின் பின்பக்கம் வரை தெரிந்தது.

எல்லை விவகாரத்துக்கு மனு வாங்க ஓர் அதிகாரி திங்கட்கிழமை புத்தூர் டிராவலர்ஸ் பங்களாவுக்கு வருவதாக இருந்தது. அன்றோடு கெடு. அதற்குமேல் கொடுத்தால் காகிதம், வடை மடிக்கத்தான்.

வாசல் பந்தோபஸ்துக்குப் போட்டது யாரை? என் வீட்டுக்காரரை. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டு, "ஏமய்யா கோவர்த்தன், மீ ஊள்ளோ ஏதோ அர்ஜி சுத்துதாமே? அது பங்களாவுக்குள்ள வந்துதுன்னா நீ சூளூர்பேட்டைக்கு மாத்தலாகிப் போவே. ஏரிக்கரைக் கொசுவுக்கு பந்தோபஸ்து குடுப்பே" என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் அன்பாகச் சொல்லியிருக்கிறார். அதன் பலன்தான் என் புடவைகள் நின்ற அட்டென்ஷன். அர்ஜி அன்று பெட்டியில் இல்லை. கீழத் தெருவில் ரேகை வாங்கிக்கொண்டிருந்தது.

"அர்ஜி எழுதறது எந்தச் சட்டத்துல குத்தம்?" என்று நான் விடவில்லை. "குத்தமே இல்லாத எடத்துல சோதனை ஏது? நீங்க பண்ணது அத்துமீறி நுழையறது. அதுக்கு வேணா ஒரு செக்‌ஷன் கீது, வாசிக்கட்டுமா?"

அவர் எழுந்து நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் தொப்பி போட்டால் சபதம் என்று அர்த்தம்.

"சட்டம்தானே? சட்டப்படியே பண்றேன். வர சனிக்கெழம. ரெண்டு பெரிய மனுஷங்கள சாட்சி வெச்சிக்கினு, எழுத்து மூலமா, நீ சொன்ன அத்தினி செக்‌ஷனும் வெச்சி உன் பொட்டிய சோதிக்கலேன்னா, எம் பேரு கோவர்த்தனன் இல்ல!"

சொல்லிவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. குற்றம் வேண்டுமே! குற்றம் இல்லாமல் சோதனை இல்லை என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வந்தார். சிக்கியதோ குற்றம் என்று நானும் கவலைப்பட்டேன்.

சனிக்கிழமை வந்தது. புரட்டாசிச் சனி. திருப்பதி மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, மூன்று பேரும் ஒரு வேளை விரதம். அதுவும் அவர் பரீட்சை பாஸாக வேண்டும் என்று. பகல் பதினொரு மணிக்கு அவர் முழு யூனிஃபார்மில், கக்கத்தில் சட்டத்தோடு, சொந்த வீட்டுக் கதவைத் தட்டினார். பின்னால் இரண்டு சாட்சிகள். ஒருவர் அந்த ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் செங்கல்வராயன். இன்னொருவர் ரைஸ் மில் பாலசுந்தரம்.

இரண்டு பேருக்கும் முகத்தில் ரத்தமே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அர்ஜியில் மூன்றாவது கையெழுத்து வாத்தியார் சம்சாரம் சுந்தரம்மா. நாலாவது பாலசுந்தரத்தின் சம்சாரம் யசோதா.

"வாங்க" என்றேன். "காரணம் எழுதியாச்சா?"

அவர் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "நம்பத்தகுந்த தகவலின்படி, சுலோசனா, வயது இருபத்திரண்டு, புருஷன் பெயர் கோவர்த்தனன், என்பவளுடைய டிரங்குப் பெட்டியில் மதுவிலக்குச் சட்டத்துக்கு விரோதமாகக் கள்ளச் சாராயம் பதுக்கி வைக்கப்பட்டிருப்பதாக..."

நான் படித்த யுனிவர்சிட்டியில் விவாத மேடையில் என்னை யாரும் வாயடைக்க வைத்ததில்லை. அன்று அடைத்தது. சாராயம்! சனிக்கிழமை விரதக்காரி பெட்டியில்!

அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார். "இன்னாமே இது! சாராயமா? ஒரே வூட்ல கீறேன், எனுக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீ!"

"அம்மா, நீ சும்மா இரு. இது கவுர்மென்ட் விஷயம்."

"டேய், சாராயம்னு எவன்டா சொன்னான் உனுக்கு?"

"தகவல் குடுத்தவர் பேரச் சொல்லக் கூடாது."

"உம்மூஞ்சியே சொல்லுது."

"சோதிக்கலாம்" என்றேன். "அதுக்கு முன்னால சோதிக்க வந்தவர நாங்க சோதிக்கணும். வெளியிலேர்ந்து எதையாவது கொண்டாந்து உள்ள வெச்சிட்டு எடுத்தா? அதுதானே வழக்கம்?"

"நியாயம்தானே சார்" என்றார் வாத்தியார். சோதனை தள்ளிப்போக எதுவும் அவருக்கு நியாயம்தான்.

"என் வூட்ல என்னையேவா?" என்று கத்தினார் அவர். ஆனால் சாட்சிகள் பார்க்கிறார்கள். சட்டப்படி என்று சபதம். கையை விரித்து நின்றார்.

அத்தை பாக்கெட்டுகளில் கை விட்டார். விசில். பாக்கெட் நோட்டு. ஒரு சீப்பு, எதற்கென்று தெரியவில்லை, முன்னந்தலையில் புல்லே இல்லை. கடைசியில் பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலம். எண்ணெய் ஊறிய காகிதம். அத்தை பிரித்தார்.

இரண்டு வெங்காய வடை. சூடாக.

பாலசுந்தரம் கூரையைப் பார்த்தார். கூரையிலும் ஒன்றும் இல்லை.

"புரட்டாசிச் சனிக்கெழம" என்றார் அத்தை மெதுவாக. "வெங்காயம்."

"அம்மா, அது... ஒரு கேஸ்ல புடிச்ச பொருள்."

"இவன் பரிச்ச பாஸாவணும்னு நானும் அவளும் காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. இவன் கேஸப் புடிச்சித் துன்னுக்கினு கீறான்!" அத்தை வடையைச் சாட்சிகளுக்குக் காட்டினார். "எழுதிக்குங்க."

பிறகு கையை நீட்டினார். "கக்கத்துல இன்னாடா?"

"சட்டம்."

"குடு, பாக்கலாம்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் அவர் ஒருபோதும் திறக்காத பொருள் எது என்று நான் வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்திருந்தேன். அரிசிக் குதிர் மூடியைத் திறப்பார், வடகத்துக்காக. சாமி அலமாரியைத் திறப்பார், கற்கண்டுக்காக. திறக்கவே திறக்காதது ஒன்றே ஒன்று. அர்ஜியின் நாலு காகிதமும் நூற்று மூன்றாவது செக்‌ஷனுக்கும் அதற்கு அடுத்த பக்கத்துக்கும் நடுவில் நிம்மதியாகப் படுத்திருந்தன. அத்தைக்கு அது தெரியாது. சொன்னால் பயந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. இப்போது பயம் எனக்கு.

"இதையும் தொறந்து காட்டுடா."

அவருக்கு வடை அவமானம். முகம் சிவந்துபோய் இருந்தது. புத்தகத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இது சர்க்கார் சட்டப் புஸ்தகம்! சட்டத்தையே சோதிப்பியா நீ? இதத் தொடறதுக்கு இந்த வூட்ல யாருக்கும் ரைட் இல்ல!"

"சரிதான் அத்தை. விடுங்க" என்றேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் சொன்னதை நான் ஒத்துக்கொண்ட முதல் சந்தர்ப்பம். அவரே திரும்பி ஆச்சரியமாகப் பார்த்தார்.

பெட்டி திறந்தது. புடவை ஒன்று, இரண்டு என்று வாத்தியார் எண்ணினார். திருப்பதியில் விவாதப் போட்டியில் நான் வாங்கிய கோப்பை வந்தது. "பெண்கள் சட்டம் படிக்க வேண்டுமா" என்ற தலைப்பில், வேண்டாம் என்ற கட்சியில் பேசி வாங்கியது. சீட்டு குலுக்கியதில் எனக்கு அந்தக் கட்சி வந்தது. எந்தக் கட்சியில் பேசினாலும் நான் ஜெயிப்பேன். ஜெயித்து என்ன கண்டேன்?

பிறகு அடியிலிருந்து ஒரு பாட்டில்.

அவர் பார்த்ததும் தெரிந்துகொண்டார். மெல்லப் புடவைக்கு அடியில் தள்ளப் பார்த்தார்.

"அது இன்னா சார் பாட்டில்?" என்றார் பாலசுந்தரம். உண்மையிலேயே சாராயமோ என்று அவருக்கு ஓர் ஆசை.

"ஒண்ணும் இல்ல."

"தேடினது திரவம்" என்றேன். "கெடச்சதும் திரவம். எழுதணும் இல்ல?"

பாலசுந்தரம் மூடியைத் திறந்து முகர்ந்தார். "தைலம் மாதிரி கீது."

"முடி வளர்ற தைலம்" என்றேன். "அவருதுதான். ஸ்டேஷன்ல கான்ஸ்டபிள்ங்க பாத்துடுவாங்கன்னு என் பெட்டில வெக்கச் சொன்னாரு."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகஜர் என்கிற சோதனைக் குறிப்பில் எழுதினார். நல்ல தமிழ் அவருடையது. "வழுக்கைக்கு இடும் தைலம், பாட்டில் ஒன்று, முக்கால் காலி, உரிமையாளர் சப்-இன்ஸ்பெக்டர்."

"முக்கால் காலின்னு எழுதணுமா?" என்றார் இவர், குரல் இறங்கி.

"மகஜர்னா உள்ளது உள்ளபடி இருக்கணும் சார்."

பெட்டி காலி. அவர் என்னைப் பார்த்தார். "மேல வெச்சிக்கினு கீறியா?"

"பொம்பளைய சோதிக்கணும்னா இன்னொரு பொம்பளதான் சோதிக்கணும். மரியாதையா. அம்பத்திரண்டாவது செக்‌ஷன்."

"அம்மா, நீ கொஞ்சம்..."

"நானா?" அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "உன்ன இடுப்புல வெச்சிக்கினு நாலு வருஷம் சோதிச்சேன், ஈரமா காஞ்சிதான்னு. அத்தோட என் சர்வீஸ் முடிஞ்சிது."

வாத்தியாரும் பாலசுந்தரமும் கையெழுத்துப் போட அவசரப்பட்டார்கள். வாத்தியார் கடைசி வரியைத் தானாகவே சேர்த்தார்: "மேற்படி வீட்டில் சாராயமோ, சந்தேகத்துக்கிடமான வேறு பொருளோ, காகிதமோ எதுவும் கிடையாது என்று திருப்தியாகச் சோதித்து அறியப்பட்டது." "காகிதமோ" என்ற இடத்தில் பேனா இரண்டு தடவை அழுத்தியது. பாவம், சுந்தரம்மா பத்திரமாக இருக்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிப்பது அவர் வழக்கமில்லை.

"எனக்கு ஒரு நகல்" என்றேன். "கேட்டா குடுக்கணும்."

கொடுத்தார். அதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்தப் பெட்டியில் அன்று வரை இருந்த பொருள்களிலேயே விலை உயர்ந்தது அதுதான்.

திங்கட்கிழமை. அவர் விடியும்போதே பங்களாவுக்குப் போய்விட்டார், கக்கத்தில் சட்டத்தோடு. வாசலில் நின்று மனு கொண்டுவருகிறவர்கள் பெயர், அப்பன் பெயர், புருஷன் பெயர் எல்லாம் எழுதிக்கொள்ள உத்தரவு. அதைக் கேட்டதுமே எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போக வேண்டியவள் நான் ஒருத்தி.

மத்தியானம் டிபன் கேரியரோடு போய் இறங்கினேன். கேட்டில் அவர்.

"இன்னாமே இங்க?"

"சாப்பாடு."

"நான் கேக்கலியே!"

"வெங்காயம் போடல. பயப்படாதீங்க."

கான்ஸ்டபிள்கள் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

அவர் கேரியரை வாங்கி ஒவ்வோர் அடுக்காகத் திறந்தார். சோற்றைக் கிளறினார். சாம்பாரில் கரண்டி விட்டு அடிவரை துழாவினார். கத்தரிக்காயைப் பிளந்து பார்த்தார். அதிகாரிக்கான மனுவைக் கத்தரிக்காய்க்குள் வைக்கிற அளவுக்கு என்னைச் சமையல்காரியாக நினைத்ததற்கு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

"எந்த செக்‌ஷன்?" என்றேன்.

"பசி செக்‌ஷன். போ, வராண்டால வெய்யி. நான் வந்து துன்றேன்."

"அந்தப் புஸ்தகத்தக் குடுங்க. நீங்க துன்றதுக்குள்ள நூத்தி அறுவத்தஞ்சு எடுத்து நாலு கேள்வி கேக்கறேன். பரிச்ச அடுத்த மாசம்."

இங்கே எனக்கு ஒரு விநாடி இரக்கம் வந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெண்டாட்டி அர்ஜியை மறந்துவிட்டாள், என் பரீட்சையை நினைக்கிறாள் என்ற நிம்மதி. கக்கத்திலிருந்து சட்டத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பத்திரம். சர்க்கார் சாமான்."

அவர் இலை போட்டு உட்கார்ந்து முதல் கவளம் வைப்பதற்குள், நான் வராண்டாவின் அந்தக் கோடியில் மனு வாங்கும் குமாஸ்தா மேஜைக்கு முன்னால் இருந்தேன். நூற்று மூன்றாவது செக்‌ஷனைத் திறந்தேன். நாலு காகிதம். குமாஸ்தா முத்திரை குத்தினார். டப், டப், டப், டப். திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க. சோதனை போடறவரு மொதல்ல எதச் சோதிக்கணும்?"

"பொட்டிய" என்றார், வாய் நிறையச் சோற்றோடு.

அடுத்த மாதம் பரீட்சையில் மூன்றாம் தடவையும் தவறிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஜெயித்தவள். நம் நாட்டில் ஓர் அர்ஜி எப்படிப் பயணம் போகும் என்று பி.ஏ.யில் சொல்லித்தரவில்லை. அத்தையின் ரேகை எந்தப் பட்டணம் வரை போனதோ தெரியாது. திரும்பிய வழி மட்டும் தெரியும். மேலே இருந்தவர் கலெக்டருக்கு, கலெக்டர் போலீஸ் மேலதிகாரிக்கு, அவர் சர்க்கிளுக்கு, சர்க்கிள் எங்கள் ஸ்டேஷனுக்கு. ஒவ்வொருவரும் மூலையில் "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று எழுதி அடுத்தவர் தலையில் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் காலையில், நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் போய்ச் சேர்ந்த இடம் என் வீட்டுக்காரர் மேஜை.

அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடை தள்ளாடியது. மதுவிலக்கு மட்டும் இல்லாவிட்டால் நான் வேறு மாதிரி நினைத்திருப்பேன்.

"சுலோசனா, பி.ஏ." என்று வாசித்தார். "ரெண்டாவது, சந்திரம்மா. ரேகை." முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். பங்களா. திங்கட்கிழமை. "இது எப்பிடி உள்ள போச்சு?"

"நீங்கதான் எடுத்துக்கினு போனீங்க. நூத்தி மூணுல இருந்துது."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் மீசையைத் தொடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"ரிப்போர்ட்ல உன் பேர எழுதறேன். சாயங்காலத்துக்குள்ள கேக்கறாங்க. எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க. என்கிட்ட மகஜர் நகல் கீது. காகிதம் எதுவும் இல்லன்னு திருப்தியா சோதிச்சி அறிஞ்ச நகல். கையெழுத்து உங்களுது. அர்ஜி வாசல் தாண்டின நாள் வாசல்ல நின்னவரு யாருன்னு சர்க்கிள் கேப்பாரு. கக்கத்துல இன்னா இருந்துதுன்னும் கேப்பாரு. தைலமும் அதே நகல்லதான் கீது."

சூளூர்பேட்டைக் கொசுக்கள் அவர் கண்ணுக்குள் பறப்பது எனக்குத் தெரிந்தது.

"அப்போ உள்ளத எழுதுங்க" என்றேன். இந்த இடத்தில் கெஞ்சினேன் என்பதை மறைக்கவில்லை. "எங்க ஊர்ல நூத்திப் பன்னெண்டு பொம்பளைங்க கேட்டாங்க, கேட்டது நெசம்தான், வாத்தியார் இல்லாததும் நெசம்தான்னு எழுதுங்க. அவ்ளோதான். அது ஒண்ணு மேல போனா போதும்."

அவர் காகிதத்தை எடுத்தார். அவருடைய எல்லா ரிப்போர்ட்டும் நான் திருத்திக் கொடுத்துப் போனவை. அன்று முதல்முறையாகத் தானாகவே எழுதினார். முடித்து, எழுந்து நின்று, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்:

"நேரில் போய்த் தீர விசாரித்தேன். மனுவில் கண்ட பெயருடைய பெண்கள் எவரும் இந்த ஸ்டேஷன் எல்லைக்குள் கிடையாது."

முடிந்தது. ஒரு வரி. நூற்றுப் பன்னிரண்டு பேரும் காலி. சுந்தரம்மா இல்லை. யசோதா இல்லை. கீழத் தெருவே இல்லை. பெட்டியைத் திறக்க ஆயிரம் விதி வைத்திருக்கிறது சட்டம். ஒரு பெண்ணை இல்லை என்று எழுத ஒரு விதியும் இல்லை, மை இருந்தால் போதும். நான் புத்தகம் முழுக்கத் தேடினேன். வாரண்ட் வேண்டாம், சாட்சி வேண்டாம், நகல் கேட்கவும் வழி இல்லை. இந்தக் கதையை நான் எழுதும்போது எல்லைக்கோடும் போட்டாகிவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் போனது. நாங்கள் இந்தப் பக்கமே. இருந்தால்தானே அந்தப் பக்கம் போவதற்கு?

அவர் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்ச் சர்க்கிள் கையிலேயே கொடுத்துவரக் கிளம்பினார். வாசலில் திரும்பி, "மத்தியானம் மொச்சக் கொழம்பு வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்தவர் இல்லையா!

நான் அடுப்படியில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை.

"இன்னாமே எழுதினான்?" என்றார் அத்தை.

"நாம யாரும் இல்லன்னு எழுதிட்டாரு அத்தை. நீங்களும் இல்ல, நானும் இல்ல."

"என் ரேகை?"

"அதுவும் யாரோடதோ."

அத்தை தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளை எழுதியது. பிறகு எழுந்துபோய்ச் சமையலறைக் கதவை உள்ளே தாழ் போட்டார். ஊறிய மொச்சையை இரண்டாகப் பங்கு வைத்தார். இரண்டாகத்தான்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். சைக்கிளை நிறுத்தும் சத்தம். கை கழுவும் சத்தம். இலை போடும் சத்தம். குழம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது.

"அம்மா, சோறு போடு!"

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"சுலோசனா!"

அவர் வந்து கதவைத் தட்டினார். முதலில் புருஷனாக, அப்புறம் பிள்ளையாக, அப்புறம் போலீஸாக.

"உள்ள யாரு? சந்திரம்மா! சுலோசனா! கதவத் தொறங்க!"

அத்தை வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். விரலை நக்கிக்கொண்டார். கதவுப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார்:

"அந்தப் பேருல இந்த ஸ்டேஷன் எல்லையில யாரும் இல்லீங்க, சார்."